தோல் ஷாப்பும் டைடல் பார்க்கும்: நம் கல்லூரிகள் யாருக்காக ஆள் தயாரிக்கின்றன?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "பொருளாதாரம் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஆளே மாறிப்போகிறது. நம் பல்கலைக்கழகங்கள் அதற்கேற்ற ஆட்களை உண்மையிலேயே தயார் செய்கின்றனவா, இல்லை சான்றிதழை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகின்றனவா? என் அண்ணன் மகளுக்கு மெக்கானிக்கலா, ஏ.ஐ.யா என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து."

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தேன். எட்டு வருடம் ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் டேனரியில், வேலை பார்த்தேன். அப்புறம் இருபத்துச் சொச்சம் வருடம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வாத்தியார். ஆள் எடுக்கிற பக்கமும் இருந்திருக்கிறேன், ஆள் அனுப்புகிற பக்கமும் இருந்திருக்கிறேன். இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பேச எனக்குத் தகுதி கிடையாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்வியை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் அண்ணன் மகளுக்குப் பதினேழு வயது இருக்கும். படித்து வெளியே வர நான்கு வருடம். அதன்பிறகு நாற்பது வருடமாவது வேலை பார்ப்பாள். அவள் படிக்கப்போகும் பாடத்திட்டம் அவள் சேருவதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தில் அதை 'ரெகுலேஷன்' என்பார்கள்: 2008, 2013, 2017, 2021 என்று நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஒரு ரெகுலேஷனின் கடைசி செட்டில் சேர்ந்த பையன் வெளியே வரும்போது அவன் படித்த பாடத்துக்கு ஏழெட்டு வயது ஆகியிருக்கும். இணைப்புக் கல்லூரியாக இருந்தால் வாத்தியார் நினைத்தாலும் அதில் ஒரு வரியை மாற்ற முடியாது. ஆகவே 'பொருளாதாரம் மாறியதும் பல்கலைக்கழகம் மாறட்டும்' என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் தப்பு. பந்தயம் வைத்தால் பல்கலைக்கழகம் எப்போதும் தோற்கும்.

ஆனால் தோற்காத காலங்களும் இருந்திருக்கின்றன. எனக்குச் சுவாரஸ்யம் அதில்தான்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1794-ல் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் என்பவர் எட்டுப் பையன்களை வைத்து ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலவரி வேண்டும், வரி போட நிலத்தை அளக்க வேண்டும், அளப்பதற்கு ஐரோப்பியர்களை வைத்துக்கொண்டால் சம்பளம் கட்டாது. உள்ளூர்ப் பையன்களுக்குச் சங்கிலி பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. இதில் தேச சேவையும் இல்லை, அறிவொளியும் இல்லை. 1850-களின் கடைசியில் அந்தப் பள்ளிதான் சிவில் பொறியியல் கல்லூரியானது. அணை, கால்வாய், சாலை என்று பொதுப்பணித்துறை பெருகிய காலம் அது. 1894-ல் மெக்கானிக்கல் வந்தது. 1930-ல் எலக்ட்ரிகல் வந்தது. பைக்காராவில் நீர்மின்சாரம் ஓடத் தொடங்கியது 1932-ல், மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-ல். 1945-ல் தொலைத்தொடர்பும் நெடுஞ்சாலைப் பொறியியலும் சேர்ந்தன. தேதிகளை வரிசையாக வைத்தால் கல்லூரியின் துறைப் பட்டியல் மாகாணத்தின் பட்ஜெட் மாதிரியே இருக்கிறது.

இது எப்படிச் சாத்தியமானது? வேலை கொடுப்பவரும் பள்ளிக்கூடம் நடத்துபவரும் ஒரே ஆள், அரசாங்கம். எத்தனை பேர் வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

இதற்கு நடுவே ஒரு விஷயம். கிண்டியில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1940-ல்தான். கைக்குழந்தையோடு இளம் விதவையாக இருந்த லலிதா, அங்கேயே பேராசிரியராக இருந்த தன் தந்தையின் முயற்சியால் எலக்ட்ரிகல் படித்தார். நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின் கருவி வேலைகளில் பங்கெடுத்தவர். அவருடைய சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்களாம். யாருக்கு வேலை கிடைக்கும் என்று பொருளாதாரம் எப்போதோ முடிவு கட்டிவைத்திருந்ததை ஒரு கல்லூரி பேனாவால் திருத்திய சம்பவம் என்று எனக்குத் தோன்றும்.

கல்லூரி பொருளாதாரத்தின் பின்னால் மட்டும்தான் போகுமா? போகாது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. ஆல்பிரட் சாட்டர்டன் 1888-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்கு (அதே கிண்டிக் கல்லூரிதான்) பேராசிரியராக வந்தவர். பாடம் எடுத்தோமா, சம்பளம் வாங்கினோமா என்று இருந்திருக்கலாம். அவர் சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்புக்குப் போய் அங்கே அலுமினியப் பாத்திரம் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பித்தளை மட்டுமே தெரிந்த ஊரில் அலுமினியம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அடுத்து அவர் கண்ணில் பட்டது கமலை இறைக்கும் தோல் சால். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் போய்விடும். குரோமியம் உப்பில் பதனிட்டால் தாங்குமே என்று 1903 வாக்கில் குரோம் தோலில் இறங்கினார். இன்றைக்குக் குரோம்பேட்டை என்று டிக்கெட் எடுக்கிறோமே, அந்தப் பெயர் அதன்பிறகு அங்கே வந்த குரோம் தோல் கம்பெனியால் வந்தது.

சாட்டர்டனின் வேகம் சென்னையிலிருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கமே தொழில் நடத்தினால் நாங்கள் என்ன செய்வது என்று புகார். 1910-ல் லண்டனிலிருந்து, இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர் மார்லி பிரபுவின் உத்தரவு வந்தது: கற்றுக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தொழில் நடத்துவது அரசாங்கத்தின் வேலையல்ல. சாட்டர்டன் இரண்டு வருடத்தில் மைசூருக்குப் போய்விட்டார். கற்றுக்கொடுப்பது வேறு, தொழில் செய்வது வேறு என்ற அந்தக் கோட்டை லண்டனில் இருந்தபடி ஒருவர் கிழித்தார். அதை இன்றுவரை நம் கல்லூரிகள் தாண்டவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அழகப்பச் செட்டியார் கொடுத்த நன்கொடையில், லட்சுமணசுவாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, 1944-ல் ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. தோல் தொழில்நுட்பம் அதன் தொடக்ககாலப் படிப்புகளில் ஒன்று. 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில் வந்தது. யாரோ புத்திசாலித்தனமாக ஒரு ஏற்பாடு செய்தார்கள்: தோல் துறை பல்கலைக்கழகத்துடையது, ஆனால் இயங்குவது ஆராய்ச்சி நிலைய வளாகத்துக்குள். பாடம் எடுப்பவர் காலையில் ஆராய்ச்சியாளர், மதியம் வாத்தியார். டேனரி முதலாளிகள் ஏதாவது பிரச்சினை என்று தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அதே வாசல் வழியாகத்தான் வருவார்கள். 1958 முதல் 1971 வரை அந்த நிலையத்தின் இயக்குநராக இருந்த நாயுடம்மா இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். அரசு, பல்கலைக்கழகம், தொழில் மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த ஏற்பாட்டுக்கு வேலை வந்தது 1973-ல். அதுவரை நாம் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் கப்பலில் ஏற்றிவிட்டு, அதே தோல் இத்தாலியில் செருப்பாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு 1972-ல் அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடம் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, அரைப் பதனிட்ட தோலுக்கு வரம்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் எல்லா இடத்திலும் ஒரே பதற்றம். முழுத் தோல் செய், சாயம் ஏற்று, மெருகு போடு, முடிந்தால் ஷூவே செய் என்கிறது அரசாங்கம். யார் செய்வது? அந்த நேரத்தில் ஏ.சி. டெக்கில் படித்து வந்தவர்கள் இருந்தார்கள், ஆராய்ச்சி நிலையத்தில் செய்முறை இருந்தது. இல்லாமல் போயிருந்தால் தடை வெறும் தடையாகவே முடிந்திருக்கும். ஒரு பொருளாதாரம் திசை திரும்பியபோது ஆள் தயாராக நின்றதற்கு நான் அருகிலிருந்து சொல்லக்கூடிய சாட்சி அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்ததைச் சொன்னால் விஷயம் இன்னும் விளங்கும். சுண்ணாம்பில் ஊறிய தோலை டிரம்மில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, நொதி சேர்த்து மெதுவாக்குவார்கள். எப்போது நிறுத்துவது? கொஞ்சம் முந்தினால் தோல் விறைப்பாக இருக்கும், பிந்தினால் தொளதொளத்துப் போய்விடும். எனக்குப் படிப்பு சொன்னது: ஓரத்தில் வெட்டி ஃபீனால்ஃப்தலின் (சுண்ணாம்பு மிச்சமிருக்கும் இடத்தை ரோஜா நிறமாக்கும் திரவம்) ஒரு சொட்டு விடு, குறுக்குவெட்டில் ரோஜா நிறம் எவ்வளவு மிச்சம் என்று பார். எங்கள் மேஸ்திரி அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தோலை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் தடம் அப்படியே நின்றது. "போதும் தம்பி, நிறுத்தச் சொல்லு" என்றார். என் சொட்டும் அதையேதான் சொன்னது. பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன், கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனி வேறொரு நொதி வாங்கியது. மேஸ்திரியின் கட்டைவிரல் பழைய மாதிரியே நிறுத்தச் சொன்னது, தோல் கெட்டது. இரண்டு டிரம் போன பிறகு, புது நொதிக்கு எந்தச் சூட்டில், எந்த அமிலத்தன்மையில் வேகம் கூடும் என்று நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்புறம் அந்தக் கணக்குக்கு எந்தத் தடம் பொருந்துகிறது என்று அவர் விரலால் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து என்னை 'சார்' என்றார். எனக்கு அவர் 'அண்ணே' ஆனார். செய்முறை மாறாத வரைக்கும் கைப்பழக்கம் போதும், படிப்பு தேவையே இல்லை. மாறும்போதுதான் ஏன் என்று தெரிந்தவன் வேண்டும். ஏன் மட்டும் தெரிந்து கை தெரியாதவனாலும் அங்கே ஒன்றும் ஆகாது, மேஸ்திரி இல்லாமல் என் கணக்கு வெறும் பேப்பர்தான்.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது இது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பாலாற்றை நாசமாக்கியதற்குக் கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாத டேனரி மூடப்படும் நிலை. ஒரே நாளில் தோல் தொழிலுக்கு வேண்டிய ஆள் மாறிப்போனார். தோலை அழகாகச் செய்பவர் அல்ல, குரோமியத்தைத் திரும்ப எடுப்பவர், உப்பைக் குறைப்பவர், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுபவர். 'தோல் சுத்திகரிப்பு' என்று தனிப் பட்டம் எதையும் என் கூடப் படித்தவர்கள் வாங்கியிருக்கவில்லை. ஆனால் கெமிஸ்ட்ரி தெரிந்திருந்தது, டிரம் தெரிந்திருந்தது, பாதிப்பேர் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அதே வேளையில் ஆற்றைக் கெடுத்த அத்தனை வருடமும் டேனரிக்குள் சம்பளம் வாங்கியவர்களும் நாங்கள்தான். தொழிலுக்கு வேண்டியதை மட்டும் கற்றுக்கொடுக்கும் கல்லூரி, தொழிலின் கண்மூடித்தனத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடும். எங்களுக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள், ஆற்றைப் பற்றி எடுக்கவில்லை.

இப்போது எல்லோருக்கும் தெரிந்த கதைக்கு வரலாம். 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. வயலுக்கு நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில், கல்யாண மண்டபம் மாதிரி கட்டடங்கள் எழுந்தன. ஒரு கட்டத்தில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. அப்போது நாங்கள் எல்லோரும் கேலி பேசியவர்கள்தான். ஆனால் 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தபோது அதற்குள் உட்கார ஆள் இருந்தது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் இதே கதைதான். ஆள் கிடைக்காத ஊருக்கு எந்தக் கம்பெனியும் வராது.

ஆனால் அந்த ஆட்களைத் தயாரித்தது கல்லூரிதானா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். கேம்பஸுக்கு வந்த கம்பெனிகள் கேட்டது இவ்வளவுதான்: எந்த பிராஞ்சாக இருந்தாலும் சரி, 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது, இங்கிலீஷில் நாலு வார்த்தை பேச வேண்டும். சிவில் படித்தவனும் டெக்ஸ்டைல் படித்தவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். எடுத்தவர்களை இன்போசிஸ் மைசூருக்கும் டி.சி.எஸ். திருவனந்தபுரத்துக்கும் அனுப்பி, சில மாதம் உட்காரவைத்து அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். அதாவது கல்லூரி செய்தது சல்லடை போட்டுச் சலிப்பது, கற்றுக்கொடுத்தது கம்பெனி. தலைக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் பில் போடும் தொழிலுக்கு அது போதும். மூன்று மாதத்தில் எதையும் கற்றுக்கொள்ளக்கூடிய இருபத்தொரு வயசுப் பிள்ளை, அவ்வளவுதான் தேவை.

இது கல்லூரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்தது. நான் வேலை பார்த்த கல்லூரியையே சொல்கிறேன், பெயர் வேண்டாம். பிளேஸ்மென்ட் அறைக்கு ஏசி வந்தது, வொர்க்‌ஷாப்புக்கு மேற்கூரை ஒழுகியது. 2010-களின் தொடக்கத்தில் மெக்கானிக்கலுக்குக் கிராக்கி. இடங்களை 60-லிருந்து 180 ஆக்கினார்கள், லேத் (கடைசல் இயந்திரம்) எண்ணிக்கை மட்டும் அப்படியே. ஒரு லேத்தைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள், ஒருவன் கைப்பிடியைச் சுற்றுவான், மற்றவர்கள் ரெக்கார்ட் நோட்டில் அளவு எழுதுவார்கள். அளவு முந்தைய செட்டின் நோட்டிலிருந்து வரும். கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிவந்து, வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி அது என்ன செய்கிறது என்று எங்களிடமே வந்து கேட்டவர்கள் உண்டு. நான் அவர்களைத் திட்டியதைவிட விளக்கிச் சொன்னதே அதிகம். வேலை கிடைத்துவிடும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த பிராஞ்சில் இப்போது பல கல்லூரிகளில் வகுப்பறை காலி. அதே அறையில் கணினி போட்டு, வாசலில் ஏ.ஐ. என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள்.

இதற்காக அந்த விரிவாக்கமே வீண் என்று சொன்னால் அது பொய். 2021-22 கணக்கெடுப்பில் இந்தியாவில் உயர்கல்விக்குப் போகும் விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு என்று அரசும் கைகொடுத்தது. என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பாக்கள் என் கையெழுத்தைப் பார்த்துத் தங்கள் பெயரை எழுதப் பழகியவர்கள். அந்த வீடுகளுக்குள் போன மாதச் சம்பளத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். விலையும் கொடுத்தோம். ஆள் குவிந்துகிடந்ததால் புதிதாகச் சேருகிறவரின் சம்பளம் வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்று பல வருடம் அசையாமல் நின்றது. இப்போது எளிய கோடிங் வேலையை மென்பொருளே செய்கிறது. கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போய்க் கற்றுக்கொடுக்கும் பழக்கத்தைக் கம்பெனிகள் குறைத்துக்கொண்டுவிட்டன. சலித்துக் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு முடிந்துகொண்டிருக்கிறது.

என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2022 மார்ச்சில் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. கம்பெனிகளின் பயிற்சியைப் பாடத்திட்டத்தோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். நல்ல முயற்சி, ஆனால் திரையில் பார்த்து முடிக்கும் பயிற்சிக்கும் கையால் செய்யும் பயிற்சிக்கும் வித்தியாசம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் டேட்டா சயின்ஸ் படிப்பை ஆன்லைனில் அறிவித்தது. ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு போதும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், நடுவில் டிப்ளமோவோடு நிறுத்தியும் கொள்ளலாம். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. நாற்பது வருட வேலைக்குப் பதினேழு வயதில் ஒரே ஒருமுறை படித்தால் போதும் என்பதை அது மறைமுகமாக மறுக்கிறது. யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு, தொழிலில் இருப்பவர்களைப் பட்டம் கேட்காமல் பேராசிரியராக வைத்துக்கொள்ளலாம் என்றது. எங்கள் மேஸ்திரி உயிரோடு இருந்திருந்தால் நானே விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருப்பேன்.

எல்லாவற்றையும்விடப் பழைய வழி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம் 1961-ல் வந்தது, 1973-ல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். தரமணியிலேயே அதற்கு வாரியம் இருக்கிறது. ஒரு வருடம் உதவித்தொகையோடு கம்பெனிக்குள் போய்க் கற்கலாம். ஆனால் நம் வீடுகளில் அப்ரண்டிஸ் என்றால் வேலை கிடைக்காதவன் என்று அர்த்தம். கம்பெனிகளில் சிலவற்றில் குறைந்த கூலிக்கு ஆள் என்று அர்த்தம். கோவை பி.எஸ்.ஜி.யில் ஐந்து வருட சாண்ட்விச் படிப்பு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் வகுப்பு, ஒரு பக்கம் தொழிற்கூடம். 1926-லிருந்து அங்கே தொழிற்கூடம் இருக்கிறது, பொறியியல் கல்லூரி வந்தது 1951-ல்தான். கல்லூரிக்கு முன்பே தொழிலுக்குப் போகும் கதவு அங்கே இருந்தது. ஒரு வருடம் அதிகம் என்பதால் அந்தப் படிப்பைப் பலர் யோசிப்பதில்லை. நாற்பது வருடக் கணக்கில் ஒரு வருடம் என்ன பெரிதா என்று கேட்டால் அப்பாக்கள் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஒரு கம்பெனிக்கென்றே ஆள் தயாரிக்கும் படிப்புகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் வந்து 2014-ல் மூடியது. அதன் ஆயுள் எட்டு வருடம், இரண்டு டிகிரி அளவு.

உங்கள் அண்ணன் மகள் விஷயம். மெக்கானிக்கலா ஏ.ஐ.யா என்பதை அவளுடைய கணக்கு முடிவு செய்யட்டும். கணக்கு பிடிக்காதவளுக்கு ஏ.ஐ. என்பது நான்கு வருடத் தண்டனை. பிராஞ்சைவிடக் கல்லூரியை நன்றாகப் பாருங்கள். கவுன்சிலிங்கில் கல்லூரிப் பட்டியல் போடும் முன் ஒரு புதன்கிழமை மத்தியானம் நேரில் போங்கள். திறப்பு விழா நாளிலோ அட்மிஷன் மேளாவிலோ போகாதீர்கள். வரவேற்பறையில் பிளேஸ்மென்ட் போஸ்டர் காட்டுவார்கள், அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வொர்க்‌ஷாப்பைக் கேளுங்கள். லேத்துக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும். அதில் சீவி விழுந்த புது இரும்புச் சுருள் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கம்ப்யூட்டர் துறையென்றால் போன வருட ப்ராஜெக்ட் அறிக்கைகளில் மூன்றைக் கேட்டு வாங்கி, மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். துறையில் யாராவது கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களா, எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கடைசியாக எப்போது ஒரு தொழிற்சாலைக்குள் போனார் என்று மரியாதையாகக் கேளுங்கள். தட்டில் சுருள் இருந்தால் அவளைச் சேர்க்கலாம். வொர்க்‌ஷாப் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், டீ கொடுத்தாலும் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.